எண்ணெய் தேச்சுக்கிட்ட கடிகாரம்

இந்தப் பக்கம் திரும்பிப் படு, விளக்கு கண்ணுல அடிக்குது பாரு. போர்வையைக் காலோட சேத்து மூடிக்கோ. கட்டைவிரல் வெளிய தெரிஞ்சாப் போதும், கொசு வந்துடும். பால் பாத்திரத்தை மூடினேனா நான்... மூடிட்டேன். மூடிட்டுத்தான் வந்தேன். சரி, கதை சொல்றேன். நீ ‘ம்’ கொட்டிக்கிட்டே வரணும். நீ நிறுத்தினா பெரியம்மாவும் நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு கூடம். அந்தக் கூடத்துல ஒரு கடிகாரம்.

“ம்.”

கையில கட்டுறது இல்ல, சுவத்துல மாட்டுறதும் இல்ல. தரையில நிக்கிற கடிகாரம். உங்கப்பாவை விட ஒரு முழம் உசரம். மேல வட்டமா முகம், அதுக்குக் கீழ பீரோ மாதிரி மரக்கதவு. கதவைத் திறந்தா உள்ள பித்தளைத் தட்டு மாதிரி ஒரு பெண்டுலம், இந்தாண்ட ஆடும், அந்தாண்ட ஆடும். பக்கத்துல கம்பியில ரெண்டு குண்டு தொங்கும். சாவி கொடுத்தா குண்டு மேல ஏறும். அப்புறம் வாரம் பூரா சோம்பேறி மாதிரி மெதுவா இறங்கும். அது இறங்குற கனத்துலதான் கடிகாரமே ஓடும். டிக்... டாக்... டிக்... டாக். மணியானா டங், டங்.

“மணி பாக்குறதுக்கு எதுக்கு பெரிம்மா அவ்ளோ பெருசு?”

எனக்கு எப்படிடி தெரியும், நானா செஞ்சேன்? குறுக்க கேக்காதே, கதை ஓடிப் போயிடும்.

அந்தக் கடிகாரம் எப்படி அங்க வந்துச்சு? சீரா வந்துச்சு. நாகப்பட்டினத்துல வைத்திலிங்கம்னு ஒருத்தர். பெரிய மீசை. கப்பல்லேர்ந்து இறங்கின கடிகாரத்தை வாங்கி வீட்டுல வெச்சிருந்தாரு. “சூரியன் தப்பினாலும் தப்பும், என் கடிகாரம் தப்பாது”ன்னு போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. அவருக்கு ஒரே பொண்ணு, செண்பகம். அவளைக் குஞ்சிதபாதம்னு ஒரு பையனுக்குக் கட்டிக் கொடுத்தாரு. அண்டா கொடுத்தாரு, கட்டில் கொடுத்தாரு, கடைசியா ஒரு பெருமூச்சு விட்டுட்டு அந்தக் கடிகாரத்தையும் கொடுத்தாரு.

கொடுத்துட்டுச் சும்மா இருந்தாரா? மாப்பிள்ளையைத் தனியாக் கூப்பிட்டு உக்கார வெச்சாரு.

“மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாவி கொடுக்கணும். காஞ்ச துணியாலதான் தொடைக்கணும், தண்ணி படக் கூடாது. முள்ளைப் பின்னாடி தள்ளவே கூடாது.”

“சரிங்க மாமா.”

“ஒரு கடிகாரத்தைப் பாத்துக்கத் தெரிஞ்சவருக்குத்தான் என் பொண்ணைப் பாத்துக்கத் தெரியும். போகியன்னிக்குக் காலையில பத்து மணிக்குப் பொங்கச் சீரோட வருவேன். பத்து அடிக்கிற சத்தம் வாசல்லயே என் காதுல விழணும். நின்னு கெடந்துச்சுன்னு வைங்க, அதையும் வண்டியில ஏத்துவேன், பொண்ணையும் ஏத்துவேன்.”

குஞ்சிதபாதம் பயந்து போயி வேக வேகமாத் தலையாட்டினான். ஏன்னா அவனுக்குச் செண்பகத்தை அவ்வளவு பிடிச்சுப் போச்சு. அவ அடுப்படியில இருந்தா இவனுக்கு அடுப்படியிலதான் தாகம் எடுக்கும். அவ கொல்லையில இருந்தா இவனுக்குக் கொல்லையில வேலை முளைக்கும்.

அப்புறம் என்ன, கடிகாரம் வண்டியில வந்துச்சு. வண்டிக்காரர் அதைக் கூடத்துல, முத்தத்துக்குப் பக்கத்துல இறக்கி நிறுத்தினாரு. குண்டை மாட்டிட்டு, பெண்டுலத்தை ஒரு தட்டுத் தட்டிட்டு, ஒரு சொம்பு மோர் குடிச்சுட்டுப் போயிட்டாரு. டிக்... டாக். எல்லாருக்கும் சந்தோஷம். குஞ்சிதபாதத்தோட அம்மா அபயாம்பாள் மட்டும் முன்னாடி வந்து நின்னு அதை ஏற இறங்கப் பாத்தாங்க.

“ராத்திரி பகல்னு இல்லாம இது இப்படியே பேசிக்கிட்டு இருக்குமா?”

“ஆமாம் அத்தை,” அப்படின்னா செண்பகம்.

“உடம்பு என்னத்துக்கு ஆகும்?”

அவங்க வாய் முகூர்த்தமோ என்னமோ, ரெண்டு மூணு நாள்ல கடிகாரம் நின்னு போச்சு. டிக்... டா... அவ்வளவுதான். பாதி வார்த்தையில நிறுத்தின மாதிரி.

“ம்.”

தூக்கம் வருதா? வரட்டும். சுவத்துல காலை வைக்காதே, சுண்ணாம்பு உதிரும்.

குஞ்சிதபாதம் ஓடினான். சாவியைப் பாத்தான், கொடுத்துத்தான் இருக்கு. குண்டைப் பாத்தான், மேலதான் இருக்கு. “அம்மா, போச்சும்மா, செண்பகத்தைக் கூட்டிட்டுப் போயிடுவாரு”ன்னு தலையில கை வெச்சு உக்காந்துட்டான்.

அபயாம்பாள் கடிகாரத்தோட பலகையைத் தொட்டுப் பாத்தாங்க. முத்தத்து வெயில் பட்டுக் கதகதன்னு இருந்துச்சு. “இதுக்குப் போயி இடிஞ்சு உக்காருவாங்களா? உடம்பு சூடுடா இது. ஓயாம ஓடினா சூடு ஏறாம என்ன செய்யும்? நாளைக்குச் சனிக்கிழமை. எண்ணெய் தேச்சு விட்டா எல்லாம் சரியாயிடும்.”

அந்த வீட்டுல தலைவலின்னாலும் எண்ணெய்க் குளியல், கால்வலின்னாலும் எண்ணெய்க் குளியல். கோவிச்சுக்கிட்டாக்கூட எண்ணெய்க் குளியல்தான். சனிக்கிழமை விடிஞ்சுது. நல்லெண்ணெயில ரெண்டு மிளகு போட்டுக் காய்ச்சி எடுத்துக்கிட்டு வந்தாங்க. நாற்காலியில ஏறி நின்னு கடிகாரத்தோட உச்சியிலேர்ந்து ஆரம்பிச்சாங்க. சக்கரத்துக்குச் சக்கரம், பல்லுக்குப் பல்லு, வழுக்கு வழுக்குன்னு தேச்சாங்க. பெண்டுலத்துக்குக் காலுக்குத் தேய்க்கிற மாதிரி நீவி விட்டாங்க.

அடுத்து வெந்நீர்ச் சொம்பை எடுத்தாங்க. குஞ்சிதபாதம் குறுக்க விழுந்தான். “தண்ணி கூடாதும்மா, மாமா சொல்லியிருக்காரு.”

“தண்ணி இல்லாம எண்ணெயை எப்படிடா எடுக்கிறது? சரி விடு.” சீயக்காய்ப் பொடியைக் காஞ்சதாவே எடுத்துப் பூசிட்டாங்க. பூசுற வேகத்துல பெண்டுலம் ஆட ஆரம்பிச்சுடுச்சு. டிக்... டாக்.

“பாத்தியா, சூடு இறங்கிடுச்சு.”

“ம். அப்புறம்?”

அப்புறம் என்ன, எண்ணெயும் சீயக்காயும் சேந்து, இட்லிக்குக் குழைச்ச பொடி மாதிரி சக்கரம் பூரா அப்பிக்கிச்சு. எறும்பு வந்துச்சு. பூனை வந்து பெண்டுலத்தை நக்கிட்டுப் போச்சு. மறுநாள் கடிகாரம், டி...ழ்க்... டா...ழ்க்... நின்னுடுச்சு.

பாவம் செண்பகம். பழைய வேட்டியைக் கிழிச்சு, கோழி இறகை எடுத்துக்கிட்டு உக்காந்து, ஒவ்வொரு பல்லா நோண்டி எடுத்தா. அன்னிக்குப் பூரா எடுத்தா. “உங்கம்மா என்னையும் ஒரு நாள் இப்படிப் பூசிடப் போறாங்க”ன்னு முணுமுணுத்துக்கிட்டே எடுத்தா. சுத்தமாயிடுச்சு. பெண்டுலத்தைத் தட்டி விட்டா ஓடிச்சு. மறுநாள் மதியம் கோயில் உச்சிகால மணி அடிச்சுதும் முள்ளை முன்னாடி தள்ளிச் சரியா வெச்சா. சாயங்காலம் பாத்தா மறுபடியும் நின்னு கெடக்கு.

அபயாம்பாள் மோவாயில கை வெச்சாங்க. “அப்போ இது சூடு இல்ல. கண்ணு.”

“எந்தக் கண்ணு?”

“தெருவுல இருக்கிற அத்தனை பேரும் வந்து பாத்துட்டுப் போனாங்களேடா. எதிர் வீட்டுக்காரி பாத்த பார்வை ஒண்ணே போதும், மாடு கறக்காது.”

அப்போ உப்பு, காஞ்ச மிளகாய், தெருமண் எல்லாத்தையும் கையில மூடி எடுத்துக்கிட்டு வந்தாங்க. ஆனா கடிகாரம் உசரம், அவங்க குள்ளம். நாற்காலியில நின்னு எண்ணெய் தேய்க்கலாம், தலையைச் சுத்திப் போட முடியுமா? குஞ்சிதபாதம் அம்மாவை இடுப்போட சேத்துத் தூக்கினான். அம்மா சுத்துறாங்க, பாரம் தாங்காம இவனும் கூடவே சுத்துறான். செண்பகம் முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுத் திரும்பிக்கிட்டா. சுத்தின மிளகாயை அடுப்புல போட்டாங்க. பட், பட், படார். கூடம் பூரா நெடி. லொக்கு லொக்குன்னு மூணு பேரும் இருமினாங்க. இருமின இருமல்ல குஞ்சிதபாதம் போய்க் கடிகாரத்துல முட்டிக்கிட்டான். டிக்... டாக்.

“பாத்தியா, கண்ணு கழிஞ்சுடுச்சு.” அப்படின்னு சொல்லி, கண்மையை விரல்ல தொட்டு அந்த வட்ட முகத்துல கன்னத்துப் பக்கமா ஒரு பொட்டும் வெச்சாங்க. நாலுக்குப் பக்கத்துல, நல்லா பெரிய பொட்டு.

“கடிகாரத்துக்குத் திருஷ்டிப் பொட்டா?”

ஆமாம். சிரிக்காதே, சிரிச்சா விக்கல் வரும், அப்புறம் நான்தான் எழுந்து தண்ணி கொண்டாரணும்.

பொட்டு இருந்துச்சு, ஓட்டம் இல்ல. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவுறதுக்குள்ள நின்னு போச்சு.

போகி வேற நெருங்கிடுச்சு. குஞ்சிதபாதம் யோசிச்சான். குண்டு இறங்குற கனத்துலதானே ஓடுது? அப்போ கனம் பத்தல. நேரா அடுப்படிக்குப் போனான், அம்மிக் குழவியைத் தூக்கிட்டு வந்தான், குண்டோட சேத்துக் கயித்தால கட்டினான்.

“ஏங்க, வேணாம்.”

“நீ பாரு.”

கம்பி கிர்ர்ர்ருன்னு முனகுச்சு. பெண்டுலம் ஆட ஆரம்பிச்சுது. குஞ்சிதபாதம் மீசையே இல்லாத இடத்தை முறுக்கிக்கிட்டான். அப்போ கயிறு அவுந்துச்சு. தொம். குழவி நேரா அவன் காலு கட்டைவிரல்ல.

“ஸ்ஸ்ஸ்.”

ம், வலிக்கத்தானே செய்யும். விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கிடுச்சு. கடிகாரமும் கொஞ்ச நேரம் ஓடிட்டு நின்னுடுச்சு. அதுக்கப்புறம் அவன் கூடத்துல நடந்தா எப்படி நடப்பான்? டக்... டடக். டக்... டடக். நொண்டி நொண்டி நடந்தான். செண்பகம் ஊறவெச்ச புளியை விரல்ல பத்துப் போட்டா. பத்துப் போடும்போது, “எங்கப்பா என்னை ஏத்திக்கிட்டுப் போனா நான் இறங்கி நடந்தாவது வந்துடுவேன்”ன்னா. அதைக் கேட்டு அவனுக்கு வலி குறையல, அழுகைதான் வந்துச்சு.

அப்புறம் போகி வந்துச்சு. விடியக்காலையிலயே பழைய பாயையெல்லாம் கொளுத்திட்டு உள்ள வந்தாங்க. கடிகாரத்தைத் தட்டி விட்டாங்க. டிக்.. டடாக். டிக்.. டடாக். கொஞ்சம் ஓடிச்சு. எட்டே காலுக்கு நின்னுடுச்சு. தட்டினாங்க, நின்னுச்சு. தட்டினாங்க, நின்னுச்சு. அப்போ பாத்து தெரு முனையில ஜல் ஜல் ஜல். வண்டி மாட்டுச் சலங்கை.

நேரத்துக்குப் போகணுமேன்னு பயப்படுறவங்க எப்பவும் முன்னாடியே வந்துடுவாங்க இல்ல, என்னை மாதிரி, அப்படி வைத்திலிங்கமும் வந்துட்டாரு.

குஞ்சிதபாதத்துக்கு ஒண்ணும் ஓடல. ஆளு முருங்கைக்காய் மாதிரி ஒல்லி. மணி அடிக்கிறதுக்கு ஒரு பித்தளைச் சொம்பையும் கரண்டியையும் எடுத்தான், கடிகாரத்தோட கதவைத் திறந்தான், உள்ள புகுந்து சாத்திக்கிட்டான்.

“ம்?”

ஆமாம்டி, கடிகாரத்துக்குள்ளயேதான்.

வைத்திலிங்கம் கரும்பு, மஞ்சக்கொத்து, வெண்கலப் பானைன்னு சீரோட வந்து கூடத்துல உக்காந்தாரு. காது கடிகாரத்து மேலயே இருந்துச்சு. உள்ளேர்ந்து நாக்காலயே, டிக்... டாக்... டிக்... டாக்.

“என்ன சம்பந்தி, சத்தம் கொஞ்சம் ஈரமா இருக்கு?”

“மார்கழிப் பனி,” அப்படின்னாங்க அபயாம்பாள். “எல்லாருக்கும்தான் சளி.”

“முள்ளு நகரவே இல்லையே?”

“பெரியவங்க முன்னால நகரக் கூச்சமா இருக்கும்.”

“கன்னத்துல என்ன கறுப்பா?”

“அழகா இருக்குல்ல, அதுக்குத்தான்.”

வைத்திலிங்கம் மீசையை இழுத்துக்கிட்டாரு. உள்ள சீயக்காய் வாசனை இன்னும் போகல. துளிப் பொடி எங்கயோ மூலையில மிச்சம். குஞ்சிதபாதத்தோட மூக்கு குறுகுறுன்னுச்சு. டிக்... டாக்... டிக்... ஆ... ஆ... அச்சூ. அதோட சொம்பும் கரண்டியும் டங்குன்னுச்சு.

“கடிகாரம் தும்முது,” அப்படின்னாரு வைத்திலிங்கம்.

“சளின்னு சொன்னேனே,” அப்படின்னாங்க அபயாம்பாள்.

அவர் எழுந்து போனாரு, கதவைத் திறந்தாரு. உள்ள மாப்பிள்ளை, ரெண்டு குண்டுக்கு நடுவுல மூணாவது குண்டு மாதிரி.

வைத்திலிங்கத்துக்குக் கோவம் கோவமா வருது. ஆனா மாப்பிள்ளையாச்சே, மரியாதை குறையலாமா? “மாப்பிள்ளை, தயவு செஞ்சு வெளிய வாங்க. உங்களை எனக்கு என்ன செய்யணும்னு தோணுதுன்னு தெரியுங்களா?”

குஞ்சிதபாதம் வீங்கின விரலைத் தரையில ஊணினான். ஐயோன்னு ஒரு நொண்டு நொண்டினான். சம்பந்தி கால் கழுவ வெச்சிருந்த குடத்துல இடிச்சுக்கிட்டான். குடம் உருண்டுச்சு. தண்ணி சளசளன்னு கொட்டிச்சு. எல்லாரும் காலைத் தூக்கிக்கிட்டாங்க.

“போதும். வண்டியைத் திருப்பு. கடிகாரத்தை ஏத்து. செண்பகம், நீயும் வாம்மா.”

“மாமா,” அப்படின்னான் குஞ்சிதபாதம். “கடிகாரத்தை எடுத்துட்டுப் போங்க மாமா. அண்டாவையும் எடுத்துக்குங்க. செண்பகத்தை மட்டும்...”

செண்பகம் அப்பாவையும் பாக்கல, புருஷனையும் பாக்கல. தண்ணியைப் பாத்துக்கிட்டு இருந்தா. குடத்துத் தண்ணி ஒரு சொட்டு நிக்காம, கடிகாரத்துக் காலடி வழியா விறுவிறுன்னு முத்தத்துக்கு ஓடுது. கூடத்தைக் கழுவி விட்டா தண்ணி முத்தத்துல போய் விழட்டும்னு, எல்லா வீட்டுலயும் தரையைச் சாய்ச்சுத்தானே போடுவாங்க, அந்தச் சாய்வு. கடிகாரத்துக்கு ஒரு பக்கத்துக் காலு பள்ளத்துல நிக்குது. புருஷன் நொண்டுற சத்தமும் அது ஓடுற சத்தமும் ஏன் ஒரே மாதிரி இருந்துச்சுன்னு அவளுக்கு அப்போதான் புரிஞ்சுது. அதுக்குச் சூடும் இல்ல, கண்ணும் இல்ல. நேரா நிக்க முடியல, அவ்வளவுதான்.

ஆனா இப்போ சரி பண்ணி என்ன புண்ணியம்? அப்பா வந்துட்டாரு, நின்ன கடிகாரத்தைப் பாத்துட்டாரு. செண்பகம் அந்த வட்ட முகத்தை நிமிந்து பாத்தா.

“அப்பா, நீங்க எத்தனை மணிக்கு வர்றதாச் சொன்னீங்க?”

“பத்து மணிக்கு.”

“மணி என்ன இப்போ?”

அவர் கடிகாரத்தைப் பாத்தாரு. “எட்டே கால்... அது நின்னு போன கடிகாரம்மா.”

“சூரியன் தப்பினாலும் இது தப்பாதுன்னு நீங்கதானேப்பா சொல்லுவீங்க. இது எட்டே காலுன்னு சொல்லுது. அப்போ நீங்க இன்னும் வரவே இல்ல. வராதவங்க எப்படிப்பா என்னைக் கூட்டிட்டுப் போவீங்க?”

வைத்திலிங்கம் இல்லன்னு மறுக்கணும்னா, கடிகாரம் பொய் சொல்லுதுன்னு அவரே சொல்லணும். நாகப்பட்டினம் பூரா இத்தனை வருஷமா பேசின பேச்சு என்னாகுறது? மேல்துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, கொண்டு வந்த சீரையும் வாரி எடுத்துக்கிட்டுப் போய் வண்டியில உக்காந்துட்டாரு.

தூங்கிட்டியா?

“...ம்.”

கொஞ்சம்தான் இருக்கு. செண்பகம் குண்டைக் கழட்டினா, பெண்டுலத்தைக் கழட்டினா. புருஷனும் பொண்டாட்டியுமா கடிகாரத்தை லேசா சாய்ச்சு, பள்ளத்துல இருந்த காலுக்கு அடியில ஒரு ஓட்டுச் சில்லைச் செருகினாங்க. பத்தல. இன்னொரு சில்லு. எல்லாத்தையும் மாட்டித் தட்டி விட்டுட்டுக் காதை வெச்சுக் கேட்டாங்க. டிக்... டாக்... டிக்... டாக். நொண்டல. நல்ல செருப்புப் போட்டு நடக்கிற மாதிரி ஒரே சீரா நடந்துச்சு. நிக்கவே இல்ல.

வெளிய வெயில் ஏறுது. வைத்திலிங்கம் வண்டியிலேர்ந்தே குரல் கொடுத்தாரு. “செண்பகம், முள்ளைப் பத்துக்குத் தள்ளி விடேம்மா.”

“கோயில் மணி அடிச்சாத்தாம்பா நாங்க முள்ளைத் தொடுறது.”

தெருவுல போறவங்க எல்லாம், “ஏன் பெரியவரே, சம்பந்தி வீட்டு வாசல்ல வந்து வண்டியிலயே உக்காந்திருக்கீங்க?”ன்னு கேட்டாங்க.

“நான் இன்னும் வரல,” அப்படின்னாரு அவரு.

பசிச்சுது. சீர்க் கரும்புல ஒண்ணை ஒடிச்சுக் கடிச்சாரு. அப்புறம் இன்னொண்ணு. மாடு ரெண்டும் தோகையைத் தின்னுச்சு. அப்போ உள்ளேர்ந்து, டங். டங். டங். அவர் ஒண்ணு ஒண்ணா விரல் விட்டு எண்ணினாரு. பத்தும் அடிச்சுது, வாசல்லயே கேட்டுச்சு. மீசையில ஒட்டின கரும்புச் சக்கையைத் துடைச்சுக்கிட்டு, மிச்சச் சீரோட இறங்கி வந்தாரு.

“வாங்க சம்பந்தி,” அப்படின்னாங்க அபயாம்பாள், இப்பத்தான் முதல் தடவை பாக்குற மாதிரி. “பிரயாணம் எல்லாம் சௌகரியமா? கரும்பு ரொம்பக் கம்மியா கொண்டாந்திருக்கீங்களே.”

“இந்த வருஷம் விளைச்சல் இல்லீங்க,” அப்படின்னாரு அவரு.

குஞ்சிதபாதம் சொம்புல தண்ணி எடுத்துக்கிட்டு நொண்டிக்கிட்டே வந்து மாமாவோட காலுக்கு ஊத்தினான். வைத்திலிங்கம் குனிஞ்சு அந்தக் கத்திரிக்காய் விரலைப் பாத்தாரு. ஓடுற கடிகாரத்தைப் பாத்தாரு. பொண்ணு புருஷனைப் பாக்குறதையும் பாத்தாரு. அப்புறம் மாப்பிள்ளை காதுகிட்ட மட்டும் மெதுவா சொன்னாரு:

“டிக் டாக் நல்லாவே பண்ணீங்க மாப்பிள்ளை. அடுத்த தடவை தும்மலை அடக்கிக்குங்க.”

சாப்பாடு போட்டாங்க, சாப்பிட்டாரு, வண்டி கட்டினாரு. வண்டியில அவரு மட்டும்தான் ஏறினாரு.

குட்டி... ஏ குட்டி... ‘ம்’மைக் காணோமே. சரி, கதையும் வண்டி ஏறிடுச்சு, நீயும் ஏறிட்ட. போயிட்டுக் காலையில வா. அந்தக் கால் விரலை உள்ள விடு, கொசு... சரி, நானே மூடுறேன்.